புளூ டிக் வந்துடுச்சு... பதில் வரலையே! - ஒரே நினைப்பில் சிக்கித் தவிக்கும் மனசுக்கு என்ன வழி?

இரவு 11.40 மணி. ஹாஸ்டலில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தோம். காலையில் எழுந்து போனைப் பார்த்தால் என் தோழியிடமிருந்து 27 வாட்ஸ்அப் மெசேஜ்கள்.

முதல் மெசேஜ், 'சாப்ட்டியா?' இரண்டாவது, 'பிஸியா?' ஐந்தாவது, 'நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?' பத்தாவது, 'மத்தியானம் கேன்டீன்ல நீ என்னைப் பார்த்து சிரிக்கவே இல்ல.' பதினெட்டாவது, 'எல்லாரும் இப்படித்தான் விட்டுட்டுப் போவீங்க.' இருபத்தைந்தாவது, 'இனிமே எனக்கு மெசேஜ் பண்ணாத.' கடைசி இரண்டும், 'ஸாரி', 'ஸாரிடி'.

நான் தூங்கிப்போனது தவிர அந்த இரவில் வேறு எதுவும் நடக்கவில்லை. ஆனால், அவளுக்குள் ஒரு முழு சினிமாவே ஓடி முடிந்திருந்தது.

ஜர்னலிசம் டிப்ளோமா படித்த அந்த ஒரு வருடத்தில் இப்படிப் பல இரவுகள். ஒவ்வொரு முறையும் நான் சொன்ன பதில் ஒன்றுதான். ''லூஸு, ரொம்ப யோசிக்காத. விட்டுத் தள்ளு!''

படிப்பு முடிந்து இரண்டு வருடங்கள் கழித்து சந்தித்தபோதுதான் சொன்னாள். மனநல மருத்துவரைப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு இருப்பது 'பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸ்ஆர்டர்'. தமிழில், எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு. ''யோசிக்காதன்னு நீ சொல்லும்போதுதான் ரொம்ப வலிக்கும். யோசிக்காம இருக்க முடிஞ்சா நான் ஏன்டி ராத்திரி 3 மணி வரைக்கும் முழிச்சுட்டு இருக்கப்போறேன்?'' என்றாள்.

பேர் மட்டும் போடாமல் எழுதச் சொன்னவளும் அவள்தான். ''என்னை மாதிரி யாராவது படிப்பாங்க. உன்னை மாதிரியும் யாராவது படிப்பாங்க'' என்றாள். இந்தக் கட்டுரை அந்த இருவருக்காகவும்தான்.

அசைபோடும் மனசு

மேய்ந்துவிட்டு வந்த மாடு, நிழலில் படுத்து, விழுங்கிய புல்லை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து மெல்லும். அதை அசைபோடுவது என்கிறோம். நடந்துமுடிந்த ஒன்றை மனசு மறுபடி மறுபடி எடுத்து மெல்வதற்கு உளவியலில் வைத்திருக்கும் ஆங்கிலப் பெயரும் மாடு அசைபோடுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். ஒரே ஒரு வித்தியாசம். மாடு அசைபோட்டால் ஜீரணமாகும். மனசு அசைபோட்டால் ஆவதில்லை.

இது எல்லோருக்கும் உண்டு. மேனேஜர் திட்டிய நாளில், வீட்டுக்கு வரும் பஸ் முழுக்க 'அவர்கிட்ட இப்படி பதில் சொல்லியிருக்கணும்' என்று ஓடுமே, அதுதான். பெரும்பாலானோருக்கு இரவுச் சாப்பாட்டுக்குள் அடங்கிவிடும். சிலருக்கு அடங்காது.

அடங்காத ரகத்தை 'திரும்பத் திரும்ப வரும் எதிர்மறைச் சிந்தனை' என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதற்குச் சில அடையாளங்கள் உண்டு. ஒரே எண்ணம் மீண்டும் மீண்டும் வரும். அழைக்காமலே வரும். வந்தால் அதிலிருந்து விடுபடுவது கஷ்டம். எவ்வளவு நேரம் யோசித்தாலும் ஒரு முடிவும் கிடைக்காது. நடந்துபோனதைச் சுற்றினால் அசைபோடுதல், நடக்கப்போவதைச் சுற்றினால் கவலை. பொருள்தான் வேறு. சுற்றும் செக்கு ஒன்றே.

இதில் முன்னோடி ஆய்வு செய்தவர் அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்ஸெமா. 1989-ம் ஆண்டு அக்டோபரில் கலிஃபோர்னியாவில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்புதான் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களிடம், 'மனசு சரியில்லாதபோது என்ன செய்வீர்கள்?' என்று அவர் குழு தற்செயலாக விவரம் சேகரித்திருந்தது. நிலநடுக்கத்துக்குப் பிறகு அதே மாணவர்களைத் திரும்பச் சந்தித்தார்கள். தங்கள் சோகத்தையே அசைபோடும் பழக்கம் முன்பிருந்தே இருந்தவர்களிடம், ஏழு வாரங்கள் கழித்தும் மனச்சோர்வு அதிகமாக இருந்தது. எல்லோரையும் உலுக்கியது ஒரே நிலநடுக்கம்தான். அசைபோட்டவர்களுக்குள் அது நீண்ட நாள் ஓடியிருக்கிறது.

பார்டர்லைன் என்றால் என்ன?

'பார்டர்லைன்' என்றதும் 'லேசான பாதிப்பு' என்று நினைத்துவிடக் கூடாது. 1938-ல் அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற மருத்துவர், அன்றைக்கு இருந்த இரண்டு பெரிய நோய்ப் பிரிவுகளில் எதிலும் அடங்காமல் நடுவில் நின்றவர்களைக் குறிக்கப் பயன்படுத்திய சொல் அது. பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் தனிக் கோளாறாகச் சேர்க்கப்பட்டது.

அந்தக் கையேடு ஒன்பது அறிகுறிகளைச் சொல்கிறது. யாராவது விட்டுப் போய்விடுவார்களோ என்ற கடும் பயம். இன்று தெய்வமாகத் தெரிபவர் நாளை எதிரியாகத் தெரியும் உறவுகள். 'நான் யார்' என்பதே நிலையில்லாமல் இருப்பது. பின்விளைவை யோசிக்காத வேகம். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது அல்லது தற்கொலை எண்ணம். சில மணி நேரத்துக்குள் தலைகீழாக மாறும் மனநிலை. உள்ளே எப்போதும் ஒரு வெறுமை. அடக்க முடியாத கோபம். நெருக்கடியில் உலகமே நிஜமில்லாததுபோலத் தோன்றுவது அல்லது எல்லோர்மீதும் சந்தேகம். இவற்றில் ஐந்தாவது இருந்து, அவை நீண்டகாலமாக வாழ்க்கையின் பல இடங்களைப் பாதித்திருந்தால்தான் மருத்துவர் இந்தப் பெயரைச் சொல்வார்.

பட்டியலைப் படித்ததும், 'அட, இதுல நாலு எனக்கு இருக்கே' என்று தோன்றலாம். பக்கத்து வீட்டு அக்கா ஞாபகத்துக்கு வரலாம். அவசரப்பட்டு யாருக்கும் முத்திரை குத்த வேண்டாம். முகம் பார்த்துப் பேசி, பழைய கதை கேட்டு, மருத்துவர் முடிவுசெய்ய வேண்டிய விஷயம் இது. ஒருவருக்குள் இரண்டு ஆள் இருப்பதாக சினிமாவில் காட்டுவார்களே, அது வேறு. வாரக்கணக்கில் உற்சாகமும் பிறகு சோர்வுமாக மாறும் பைபோலாரும் வேறு.

ஏன் வருகிறது? ஒற்றைக் காரணம் இல்லை. பிறவியிலேயே உணர்ச்சிகளைக் கூர்மையாக உணரும் சுபாவமும், அந்த உணர்ச்சிகளை 'இதெல்லாம் ஒரு விஷயமா?' என்று தட்டிவிடும் சூழலும் ஆண்டுக்கணக்கில் மோதிக்கொள்ளும்போது வளர்கிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட ஒரு விளக்கம். பலருக்குச் சிறுவயதில் துன்புறுத்தப்பட்ட அனுபவம் இருக்கும். எல்லோருக்கும் அப்படி இல்லை. அதனால் 'வளர்ப்பு சரியில்லை' என்று பெற்றோரைக் கைகாட்டுவதும் சரியல்ல.

மைக்கும் ஸ்பீக்கரும்

திருவிழா மேடையில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் 'கொய்ய்ங்' என்று காதைக் கிழிக்கும் சத்தம் வருமே, ஞாபகம் இருக்கிறதா? ஸ்பீக்கரிலிருந்து வரும் சின்னச் சத்தத்தை மைக் வாங்கும். ஆம்ப்ளிஃபையர் அதைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கே அனுப்பும். அதை மைக் மறுபடி வாங்கும். யாரும் பேசாமலே சத்தம் ஏறிக்கொண்டே போகும்.

பார்டர்லைன் உள்ளவர்களின் மனசிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் எட்வர்ட் செல்பியும் தாமஸ் ஜாய்னரும் இதை 'உணர்ச்சி அருவி' என்ற விளக்கமாக முன்வைத்தார்கள். புளூ டிக் வந்தது, பதில் இல்லை. சின்னதாக ஒரு வருத்தம். 'ஏன் பதில் போடலை?' என்று அசைபோட, வருத்தம் பயமாகிறது. பயத்தோடு யோசிக்கும்போது பயமான விஷயங்களே ஞாபகம் வரும். போன வருடம் பேசாமல் போன தோழி, ஸ்கூலில் தனியாக உட்கார்ந்த மதியம், எல்லாம் வரிசையாக வரும். பயம் கோபமாகிறது. கோபம் இன்னும் யோசிக்கவைக்கிறது. வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவருக்கு அவலும் கிடைத்த மாதிரிதான்.

உச்சத்தில், அந்தச் சத்தத்தை எப்படியாவது நிறுத்தியாக வேண்டும். வேறொரு பலமான உணர்வு வந்தால்தான் கவனம் திரும்பும். தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, வயிறு கொள்ளாமல் சாப்பிடுவது, குடிப்பது, உறவையே முறிக்கும் ஒரு மெசேஜ் போடுவது... இவை எல்லாம் அந்த நேரத்தில் மைக்கின் ஒயரைப் பிடுங்குகிற மாதிரி என்கிறது இந்த விளக்கம். ஒரு சில நிமிடம் அமைதி. அப்புறம், 'இப்படிப் பண்ணிட்டோமே' என்ற அவமானம். அடுத்த இரவு மெல்வதற்கு அதுவே தீனி.

இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு அந்தப் பதினெட்டாவது மெசேஜும் இருபத்தைந்தாவது மெசேஜும் புரிந்தன. 'கவனத்தை இழுக்க டிராமா பண்றா' என்று ஹாஸ்டலில் நாங்கள் பேசியிருக்கிறோம். அது டிராமா இல்லை. சத்தத்தை நிறுத்தத் தெரியாமல் தவித்த தவிப்பு.

'யோசிக்காதே' ஏன் வேலை செய்வதில்லை?

1987-ல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். 'ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியைப் பற்றி மட்டும் நினைக்காதீர்கள். நினைப்பு வந்தால் மணியை அடியுங்கள்' என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொன்றும் தெரிந்தது. நினைப்பை அடக்கியவர்களிடம் பிறகு, 'இப்போது நினைக்கலாம்' என்றபோது, முதலிலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட அதிகமாகக் கரடியை நினைத்தார்கள். அடக்கிய எண்ணம் வட்டியோடு திரும்பி வருகிறது.

சரி, அடக்க வேண்டாம், கொட்டித் தீர்த்துவிடலாமா? 2002-ல் பிராட் புஷ்மன் செய்த ஆய்வில், கோபமூட்டப்பட்ட மாணவர்களில் ஒரு பிரிவினரை, கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. குத்தும்போதும் மனசு மென்றுகொண்டேதானே இருந்தது!

நாம் நல்லது என்று நினைத்துச் செய்யும் ஒன்றும் இதில் சேரும். 'ஸ்கிரீன்ஷாட் அனுப்புடி, அவன் என்ன அர்த்தத்துல சொன்னான்னு பார்க்கலாம்' என்று ஆரம்பித்து இரண்டு மணி நேரம் அலசுவோமே, அதுதான். 2002-ல் அமாண்டா ரோஸ், சிறுவர்களிடமும் டீன் ஏஜினரிடமும் ஆராய்ந்தபோது, இப்படிச் சேர்ந்து அசைபோடும் நட்பில் நெருக்கமும் அதிகமாக இருந்தது, மனச்சோர்வும் பதற்றமும் அதிகமாக இருந்தன. நட்பு இறுகுகிறது, மனசும் கனக்கிறது.

அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர்

1961-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகர மனநல மருத்துவமனையில் 17 வயதுப் பெண் ஒருத்தி சேர்க்கப்பட்டாள். தன்னைத்தானே கடுமையாகக் காயப்படுத்திக்கொண்டதால் தனி அறையில் வைக்கப்பட்டாள். மனச்சிதைவு என்றார்கள். மருந்துகள், மின் அதிர்ச்சி சிகிச்சை எல்லாம் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் அங்கேயே இருந்தாள். இந்த நரகத்திலிருந்து வெளியே வந்தால், மற்றவர்களையும் வெளியே கொண்டுவருவேன் என்று அங்கேயே சபதம் எடுத்துக்கொண்டாள்.

அவர்தான் மார்ஷா லினஹன். பின்னாளில் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 'டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி', சுருக்கமாக டி.பி.டி என்ற சிகிச்சையை உருவாக்கினார். இதனால் தன்னைக் காயப்படுத்திக்கொள்வது குறைகிறது என்று காட்டிய அவரது முதல் ஆய்வு 1991-ல் வெளியானது. 2011-ல், தான் அடைபட்டிருந்த அதே மருத்துவமனையில் நின்று, 'அந்தப் பெண் நான்தான்' என்பதை முதன்முறையாக வெளியே சொன்னார். அப்போது அவருக்கு வயது 68.

டி.பி.டி-யின் சாரம் இரண்டு வரியில் அடங்கும். 'நீ இப்போது எப்படி இருக்கிறாயோ, அதற்கு அர்த்தம் இருக்கிறது. ஆனாலும் நீ மாற வேண்டும்.' இரண்டையும் சேர்த்தே சொல்வதுதான் அதன் விசேஷம். தனி கவுன்சலிங்கோடு, வாராவாரம் வகுப்பு மாதிரி உட்கார்ந்து திறன்களைப் பழகுவார்கள். வீட்டுப்பாடமும் உண்டு. என் தோழி காட்டிய நோட்டிலிருந்து சில:

உண்மையைச் சரிபார்: நடந்தது என்ன, நான் சேர்த்தது என்ன என்று இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும். 'புளூ டிக் வந்தது' - நடந்தது. 'என்னைப் பிடிக்கவில்லை' - நான் சேர்த்தது.

பெயர் வை: 'ஒரு மாதிரியா இருக்கு' என்று விடாமல், இது பயமா, கோபமா, அவமானமா என்று பெயர் சொல்வது. பெயர் தெரிந்தால், அடுத்து என்ன செய்யலாம் என்பதும் தெரியும்.

எதிர்த்திசையில் நட: சரிபார்த்த பிறகு அந்த உணர்ச்சிக்கு ஆதாரமில்லை என்று தெரிந்தால், அது சொல்வதற்கு நேர்மாறாகச் செய்வது. அறைக்கதவைச் சாத்திக்கொள்ளத் தோன்றினால், ஹாலில் போய் எல்லோரோடும் உட்காருவது.

உடம்பை முதலில் அமர்த்து: சத்தம் உச்சத்தில் இருக்கும்போது எந்த அறிவுரையும் ஏறாது. குளிர்ந்த தண்ணீரில் முகத்தை வைப்பது, வேகமாக மாடிப்படி ஏறி இறங்குவது, மூச்சை மெதுவாக நீட்டி வெளியே விடுவது. இதயநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே குளிர்நீர் முறையைச் செய்ய வேண்டும்.

அசைபோடுவதற்கென்றே தனியாகச் சிகிச்சை வடிவமைத்த பிரிட்டன் ஆய்வாளர் எட்வர்ட் வாட்கின்ஸ் சொல்வதும் நமக்கு உதவும். 'எனக்கு மட்டும் ஏன் இப்படி?' என்ற கேள்விக்கு அடி கிடையாது, விழுந்துகொண்டே இருக்கலாம். 'எப்படி நடந்தது, அடுத்து எப்படிச் செய்யலாம்?' என்ற கேள்விக்குக் கைக்கு எட்டும் பதில் உண்டு. 'ஏன்' வரும்போது அதை 'எப்படி' ஆக்கிப் பழகுவதே பாதி வேலை.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், மற்றவர்களும் களைத்துப்போவார்கள். அம்மா அழுவார், அப்பா கத்துவார், தம்பி காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வான். யாரும் கெட்டவர்கள் இல்லை. செய்யக்கூடியவை சில உண்டு.

'இதுக்கெல்லாமா அழுவாங்க?' என்பதற்குப் பதிலாக, 'பதில் வரலைன்னதும் உனக்கு பயமா இருந்திருக்கும், புரியுது' என்று சொல்லிப் பாருங்கள். இதனால் அவர் நினைப்பது சரி என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகாது. வலி நிஜம் என்று மட்டுமே ஒப்புக்கொள்கிறீர்கள்.

எல்லையும் வையுங்கள். 'நான் இப்போ தூங்கணும்மா. காலையில எட்டு மணிக்கு நானே கூப்பிடுறேன்' என்று சொல்லலாம். முக்கியம், எட்டு மணிக்குக் கூப்பிட வேண்டும். சொன்னபடி வருகிற ஒரு போன்கால், 'எல்லாரும் விட்டுப் போவாங்க' என்ற எண்ணத்துக்கு எதிரான ஓர் ஆதாரம்.

தற்கொலை பற்றிப் பேசினால், 'சும்மா மிரட்டுறா' என்று ஒதுக்காதீர்கள். நேரடியாகக் கேளுங்கள், தனியாக விடாதீர்கள், அன்றே மருத்துவ உதவி தேடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

சரியாகுமா?

'ஆளுமைக் கோளாறு' என்றாலே ஆயுள் தண்டனை என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அதை உடைத்தது மேரி ஸனாரினியின் ஆய்வு. 1992-ல் அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் தொடங்கி, பார்டர்லைன் உள்ள 290 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார். பத்து ஆண்டுகளில் 93 சதவிகிதம் பேருக்கு, குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது இந்தக் கோளாறு என்று சொல்லும் அளவுக்கு அறிகுறிகள் இல்லை. ஆனால் வேலை, நல்ல உறவு என வாழ்க்கையும் சேர்ந்து நிமிர்ந்தவர்கள் பாதிப்பேர்தான். அறிகுறி குறைவது முதல் படி. அதற்குப் பிறகும் கைகொடுக்க ஆள் வேண்டும்.

இந்தக் கோளாறை மட்டும் குணப்படுத்தும் மாத்திரை கிடையாது. கூடவே இருக்கும் மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கு மருத்துவர் மருந்து கொடுப்பார். அதை நாமாக நிறுத்தக் கூடாது. முதன்மையான சிகிச்சை பேச்சு வழியானதுதான். டி.பி.டி முழுமையாகத் தெரிந்த தெரபிஸ்ட் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை, தனியாரில் செலவும் உண்டு. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் ஆரம்பிக்கலாம். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகமும் இருக்கிறது. 'டெலி மானஸ்' இலவச உதவி எண் 14416-ல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணையும் அழைக்கலாம்.

என் தோழி இப்போது வேலைக்குப் போகிறாள். கஷ்டமான இரவுகள் நின்றுவிடவில்லை, குறைந்திருக்கின்றன. போன மாதம் ஒருநாள் நைட் ஷிஃப்ட்டில் இருந்தேன். அவள் மெசேஜைத் திறந்து பார்த்துவிட்டு, வேலை மும்முரத்தில் பதில் போட மறந்துவிட்டேன். அரை மணி நேரம் கழித்து இன்னொரு மெசேஜ் வந்தது.

'புளூ டிக் வந்துடுச்சு, பதில் வரலை. வழக்கம்போல ஓட ஆரம்பிச்சுது. நோட்டு எடுத்து எழுதிப் பார்த்தேன். இன்னிக்கு உனக்கு நைட் ஷிஃப்ட். நான் தூங்கப்போறேன். காலையில கூப்பிடு.'

அன்று வந்தது ஒரே ஒரு மெசேஜ். காலையில் எட்டு மணிக்கு நான் கூப்பிட்டேன்.